மார்கழியில் மல்லையில் இரண்டு இரவுகள்

"மார்கழி மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போவதா? நன்றாயிருக்கிறதே!"

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட வேண்டும். நடுவிலே பூசணிப் பூ வைக்க வேண்டும். கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல் கொடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். தை பிறப்பதற்குள் பரணையைக் காலி செய்து, ஒட்டடை அடித்து, பாத்திரங்களுக்குப் புளி போட்டுத் தேய்த்து முடிக்க வேண்டும். இதற்கு நடுவில் அரைப் பரீட்சை முடிந்து குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மணிக்கு ஒரு தரம் "அம்மா, தின்ன என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். விடுமுறை யாருக்கு? பள்ளிக்கூடத்துக்கு, அதிலே படிக்கிற குழந்தைகளுக்கு, ஆபீசில் லீவு மிச்சம் வைத்திருக்கும் குடும்பத் தலைவருக்கு. அடுப்படியில் நிற்பவருக்கு விடுமுறை என்று ஒன்று காலண்டரில் எந்தச் சிவப்பு எழுத்திலும் போட்டிருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: இந்தப் பனிக் காலத்தில் இரண்டே இரண்டு இரவு மாமல்லபுரத்தில் போய்த் தங்கிவிட்டு வாருங்கள். கோலப்பொடி டப்பாவை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டால் அவளே உங்கள் வாசலிலும் சந்தோஷமாக நாலு புள்ளி வைத்துவிடுவாள்.

'மாமல்லபுரந்தானே? எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது எப்படி என்று எனக்குத் தெரியும். காலையில் புளியோதரை, தயிர்சாத மூட்டையுடன் கிளம்பி, பதினோரு மணி வெயிலில் ஐந்து ரதத்தைப் பார்த்து, குழந்தையை வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே நிறுத்தி அது பாறையைத் தாங்குவதுபோல் ஒரு படம் எடுத்து, கடலில் காலை நனைத்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பியிருப்பீர்கள். அந்த ஊரில் மார்கழி மாதம் எது பார்க்க வேண்டுமோ, அது நீங்கள் பஸ் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது.

தமிழ்நாடு சுற்றுலாத் துறை 1990களிலிருந்து அங்கே நாட்டிய விழா நடத்தி வருகிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி ஜனவரியில் பாதிக்கு மேலும் சாயங்கால வேளைகளில் நடக்கும். ஆரம்பத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையே மேடைக்குப் பின்திரையாக இருந்தது. பிறகு கடற்கரைக் கோயில் பக்கத்துப் புல்வெளிக்கு மாறியது. மேலே ஆகாசம், பின்னால் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கோயில், அதற்கும் பின்னால் வங்கக் கடல். சென்னைச் சபாக்களில் இதே பருவத்தில் சங்கீதமும் நாட்டியமும் அமர்க்களப்படுகின்றன. ஆனால் அங்கே முன் வரிசை நாற்காலிக்கு என்ன விலை என்பதைக் கேட்டுவிட்டு, பேசாமல் ரேடியோவைத் திருப்பிய குடும்பங்கள் எத்தனையோ! மல்லையில் அந்தத் தொல்லை கிடையாது.

எப்போது போகலாம்?

விழா ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கிறது என்றால், எல்லா நாளும் ஒன்று என்று அர்த்தமில்லை. டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளையும் அடியோடு விட்டுவிடுங்கள். விடுதிகளில் அறைக்கு விலை ஏறியிருக்கும். வீதியில் கால் வைக்க இடமிருக்காது. காணும் பொங்கலன்றும் வேண்டாம். செங்கற்பட்டுச் சீமை முழுவதும் கட்டுச்சோற்றுடன் அன்றைக்கு அந்தக் கடற்கரையில்தான் இருக்கும். கூட்டத்தில் குழந்தையைத் தேடவா நீங்கள் போகிறீர்கள்?

நடுவிலே இருக்கிற வாரநாட்கள் உத்தமம். அதிலும் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். விழா நாட்களுக்குள் பெரும்பாலும் ஒரு பௌர்ணமி வந்து விழும். கிழக்குக் கடற்கரை ஊர் என்பதால் பௌர்ணமிச் சந்திரன் சூரியன் மறைகிற வேளையிலேயே கடலிலிருந்து எழுந்து வருவான். மேடையில் அலாரிப்பு முடிவதற்குள் கோயில் விமானத்துக்குச் சமமாக வந்து நின்றுவிடுவான். மின்சார விளக்குக்காரர்கள் என்ன ஜோடனை செய்தாலும் இதற்கு ஈடாகாது.

மழை வருமா என்று கேட்பீர்கள். டிசம்பர் முற்பாதி வரை புயலுக்கு அந்தக் கரை மேல் ஒரு கண் உண்டு. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு 'மாண்டஸ்' புயல் கரை கடந்ததே மாமல்லபுரத்தின் அருகில்தான். விழா தொடங்குவதற்குள் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆனாலும் ஒரு குடையை மூட்டையில் செருகிக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த நடனம் என்ற நிகழ்ச்சி நிரலைச் சுற்றுலாத் துறை முன்னதாகவே வெளியிடும். அதைப் பார்த்துவிட்டு அறை பிடியுங்கள்; அறையைப் பிடித்துவிட்டு நிரலைப் பார்த்தால் மூக்கைச் சிந்த நேரிடும்.

போவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அறுபது கிலோமீட்டருக்குள்தான். பஸ் அடிக்கடி உண்டு. திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் எழும்பூர் வரை போய்த் திரும்பி வந்து அல்லல்பட வேண்டாம். செங்கற்பட்டில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறி, அங்கேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுமாருக்குப் பஸ், வழியில் திருக்கழுக்குன்றம்.

தங்குவதற்கு ஒத்தவாடைத் தெருவில் சிறிதும் பெரிதுமாக விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி கடலோரமாக இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெளிநாட்டார் திரளாக வருகிறவர்கள். ஆகையால் ஒரு மாதம் முன்னதாகவே அறைக்குச் சொல்லிவிடுவது நல்லது. மாமியார், மாமனார் உடன் வருகிறார்களா? மாடி அறை வேண்டாம். 'வெந்நீர் எத்தனை மணி வரை வரும்?' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் குடும்பத்தின் ஒற்றுமை அந்த வெந்நீரில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். தயவுசெய்து ஸ்டவ்வும் அரிசியும் மூட்டை கட்டாதீர்கள். சிக்கனம் வேண்டியதுதான். அறைக்குள் உட்கார்ந்து சாதம் வடிப்பதற்கு இத்தனை தூரம் வருவானேன்? முதல் நாள் மத்தியானத்துக்கு மட்டும் புளியோதரை கொண்டு வாருங்கள். மற்ற வேளைகளுக்கு இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். மீன் சாப்பிடுகிற வீடுகளுக்குச் சொல்லவே வேண்டாம். காலையில் கட்டுமரமும் படகும் கரையேறுவதை நீங்களே பார்க்கலாம். இரண்டு நாளைக்கு அடுப்பு இல்லாமல் இருந்தால் குடி முழுகிப் போய்விடாது.

விடியலில் கல், மாலையில் நாட்டியம்

முதல் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நேரே விழாவுக்குப் போய்விடுங்கள். சிற்பங்களைப் பார்ப்பதற்கு மறு நாள் காலை. சீக்கிரம் எழுந்திருப்பதுதான் மார்கழியில் உங்களுக்குப் பழக்கமாயிற்றே! வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதங்கள் இருக்குமிடத்தில் போய் நில்லுங்கள். தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு நம்மவர்களுக்கு 40 ரூபாய். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். அன்றைக்கே கடற்கரைக் கோயிலுக்கும் அந்தச் சீட்டே செல்லும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பஞ்ச பாண்டவர் பெயர் பிற்காலத்தில் யாரோ வைத்தது. பாண்டவருக்கும் அந்தக் கோயில்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் திரௌபதி ரதம் என்கிற அந்தச் சின்னக் குடிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கூரை வேய்ந்த நம் கிராமத்து வீட்டைக் கல்லிலே அப்படியே செய்து வைத்திருக்கிறான் சிற்பி. உள்ளே இருப்பது துர்க்கை. ரதங்கள் ஒன்றுகூட முழுமையாக முடிக்கப்பட்டதில்லை. அடிப்பாகத்தில் உளி பட்டும் படாமலும் நின்ற இடங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

அங்கிருந்து ஊருக்குள் வந்தால் அர்ச்சுனன் தபசு. முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளப் பாறையில் தேவர், நாகர், யானைக் கூட்டம் என்று ஒரு உலகமே இருக்கிறது. அர்ச்சுனனா, பகீரதனா என்று பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நம் குழந்தைகளுக்கு வேண்டியது கீழே தவம் செய்கிற பூனை. அதைச் சுற்றி நம்பிக்கையோடு எலிகள்! ஏழாம் நூற்றாண்டு நகைச்சுவை இன்றும் ஊசிப் போகவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபந்தான். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கி நிற்கிறான். அவ்வளவு பெரிய அதிசயம் நடக்கிறது. ஒருவன் பாட்டுக்குப் பால் கறந்துகொண்டிருக்கிறான். பசு தன் கன்றை நாவால் நக்கிக் கொடுக்கிறது. தலையில் பானைகளுடன் ஒரு ஆய்ச்சி நிற்கிறாள். ஊரே மழையில் மூழ்கினாலும் அவளுக்கு அன்றன்றைய வேலை இருக்கிறது, பாருங்கள். அந்த மண்டபத்தின் முன் பெண்கள் மட்டும் சற்று அதிக நேரம் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

மத்தியில் ஸ்தலசயனப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. இங்கே பெருமாள் ஆதிசேஷன் மேல் இல்லை. வெறும் தரையில் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இதுதான். வைகுண்ட ஏகாதசி உங்கள் தேதிகளுக்குள் விழுந்தால், "மார்கழியில் ஊர் சுற்றலாமா?" என்று கேட்ட பெரியவர்களுக்கு அதைவிட வேறு பதில் வேண்டாம்.

கடைத்தெருவில் உளிச் சத்தம் நிற்காது. 1957ல் தொடங்கிய அரசாங்கச் சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சின்னப் பிள்ளையார் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் அது மாக்கல்; விழாவிட்டால் கெட்டிக் கல். மாக்கல்லில் தப்பில்லை, அலமாரியில் வைக்க அழகுதான். கெட்டிக் கல்லின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐந்தரைக்கே மைதானத்துக்குப் போய்விடுங்கள். தாத்தா பாட்டிக்குக் காதை மூட மப்ளர், குழந்தைக்குக் குல்லாய், கொசுவுக்கு ஏதேனும் தைலம், ஒரு பிளாஸ்க் காப்பி, இவ்வளவு போதும். பனி எட்டு மணிக்குமேல் தெரியாமல் இறங்கும்.

என்னென்ன பார்க்கலாம்? பரதநாட்டியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குச்சிப்புடிக்காரி பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் நின்று நகர்ந்து ஆடுவாள். குழந்தைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். ஒடிசியில் உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் நிலையைக் கவனியுங்கள். மோகினியாட்டத்துக்குச் சந்தன வெள்ளையில் பொன் சரிகை. கதக்கில் சுழற்சி, சலங்கை மழையாய்க் கொட்டும். அதற்கு நேர் எதிர் மணிப்புரி. காலில் சலங்கையே கிடையாது. பீப்பாய்போல் விறைத்த வட்டப் பாவாடைக்குள் கால் இருப்பதே தெரியாமல் மிதப்பார்கள். அஸ்ஸாமின் சத்திரியா ஆட்டம் வைஷ்ணவ மடங்களில் பல நூற்றாண்டு இருந்துவிட்டு, 2000த்தில்தான் சங்கீத நாடக அகாதெமியின் சாஸ்திரீய நடன வரிசையில் சேர்ந்தது. இவற்றோடு நம் ஊர்க் கரகமும் பொய்க்கால் குதிரையும் ஒயிலாட்டமும் உண்டு. உள்ளதைச் சொன்னால், தவில் முழங்கிப் பொய்க்கால் குதிரை வந்ததும்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது!

'கல்கி'யின் 'சிவகாமியின் சபதம்' 1944ல் தொடர்கதையாக வரத் தொடங்கியபோது, வாராவாரம் பத்திரிகைக்காகக் காத்திருந்த பெண்கள் சிவகாமியை இந்த ஊர்ச் சிற்பங்களோடு சேர்த்தே கற்பனை செய்துகொண்டார்கள். சரித்திரத்தில் தேடினால் அவள் கிடைக்க மாட்டாள்; அவள் ஆசிரியரின் சிருஷ்டி. ஆனால் இந்த மேடையில் ஒரு பெண் அரைமண்டியில் வந்து நிற்கும்போது பின்வரிசையில் யாரோ ஒரு பாட்டி "சிவகாமி மாதிரியே இருக்காடி" என்று சொல்லாமலிருப்பதில்லை.

சென்ற விழாவின்போது எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு குடும்பம். வேலூர்ப் பக்கம். மாமியார், மருமகள், எட்டு வயதுப் பேத்தி. மேடையில் வர்ணம் நடந்துகொண்டிருந்தது. மருமகள் முந்தானைக்குள் கையை வைத்துத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நட்டுவனார் ஜதியை முடிப்பதற்கு ஒரு கணம் முன்பே அந்தக் கை தீர்மானத்தில் வந்து நின்றது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும்.

"கற்றுக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"எட்டு வருஷம் கத்துக்கிட்டேங்க. அரங்கேற்றம் ஆச்சு. கல்யாணத்துக்கப்புறம் விட்டுப் போச்சு."

மாமியார் திரும்பிப் பார்த்தார். "நம்ம வீட்டிலே நீ சொன்னதேயில்லையே, கண்ணு?"

"நீங்க கேட்கலையே, அத்தை."

கோபமாகச் சொல்லவில்லை, கண் மேடையிலேயே இருந்தது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார், மருமகளின் கை தாராளமாகத் தாளம் போடட்டும் என்றோ என்னவோ.

மறு நாள் மத்தியானம் அவர்கள் ஊர் திரும்புவதாக இருந்தது. மாலையில் நான் போனபோது மைதானத்தில் அந்த மாமியார் மட்டும் முன் வரிசையில் இருந்தார். பக்கத்து இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் தன் கைப்பையையும் மற்றொன்றில் குடையையும் வைத்து, வருகிறவர்களையெல்லாம் "ஆள் வருதுங்க, ஆள் வருதுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

கடல் விஷயம்

இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கடலில் குளிக்காதீர்கள். குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். ஊரில் இருப்பது சாந்தமான கடலல்ல. கரை சட்டென்று ஆழமாகிவிடும். மார்கழியில் மழைக்காலத்துக் கொந்தளிப்பு இன்னும் அடங்கியிருக்காது. கரைக்கு வந்த அலை திரும்பும்போது ஓரிடத்தில் சேர்ந்து உள்நோக்கி வேகமாக ஓடும். மேலே பார்த்தால் அந்த இடந்தான் அலையடங்கி அமைதியாகத் தெரியும்! அங்கேதான் இறங்கத் தோன்றும். ஒவ்வொரு வருஷமும் உல்லாசமாக வந்த கூட்டத்தில் சிலர் வீடு திரும்பாமல் போகிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு.

இழுப்பில் சிக்கிக்கொண்டவர்கள் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போய்விடுவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த ஓட்டத்திலிருந்து விலகலாம். இது வீட்டில் வயசுப் பிள்ளை இருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் புடவையோடு நீரில் இறங்குவது இரண்டு உயிருக்கு ஆபத்து. நனைந்த புடவை காலைக் கட்டிவிடும். கரையிலிருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். கயிறோ, மிதக்கக்கூடிய எதுவோ கிடைத்தால் வீசுங்கள். கணுக்கால் நனைய நின்று அலையைப் பாருங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். அவ்வளவு சந்தோஷம் போதும்.

கடலின் வல்லமையைப் பற்றி ஒரு செய்தி. 2004 சுனாமிக்குப் பிறகுதான், வடக்கே ஐந்து கிலோமீட்டரிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியில் ஒரு முருகன் கோயில் கண்டுபிடிக்கப்பட்டது. புலிக்குகை இருப்பதும் அங்கேதான். யாளித் தலைகள் சூழ்ந்த அந்தக் குகை மேடை குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆட்டோவில் ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலையில் கிளம்புகிறவர்களில் தெற்கே போகிறவர்கள் திருக்கழுக்குன்றத்தில் இறங்கலாம். மலைக்கு ஐந்நூறுக்கு மேல் படி. முழங்கால் வலிக்காரர்கள் கீழே பக்தவத்சலேசுவரரைத் தரிசித்துக்கொண்டு உட்காரலாம். உச்சி வேளையில் வந்த அந்தப் பழைய கழுகுகளைக் காட்டுவதாகக் குழந்தைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1990களின் கடைசியிலேயே அவை வருவது நின்றுவிட்டது.

சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டு அடுப்படி எவ்வளவு சின்னது என்று பெருமூச்சு விடுவதற்கு அரை நாள் வேண்டும். இரண்டில் ஒன்றைப் பாருங்கள். இரண்டையும் பார்த்தால் குழந்தைகள் அழும்.

பஸ்ஸில் ஏறியதும் இடம் பிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்னையிலிருந்து போகும்போது கடல் இடது கைப் பக்கம்; வரும்போது வலது பக்கம். ஜன்னலோரத்தை இந்தத் தடவை குழந்தைகளுக்கு விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.